மா-ராபர்ட்: கோலோபெங் வீட்டைக் காலி செய்த கதை

டேவிட் லிவிங்ஸ்டன்னு சொன்னா நமக்கு உடனே ஞாபகம் வர்றது விக்டோரியா அருவியும், ஆப்பிரிக்க மேப்ல குறுக்கே போற ஒரு புள்ளிக்கோடும்தான். இன்னைக்கு அந்தப் புள்ளிக்கோட்டுக்கு முன்னாடி நடந்ததைப் பேசப் போறோம். அந்தப் பயணம் தொடங்கணும்னா முதல்ல ஒரு வீட்டைக் காலி பண்ண வேண்டியிருந்தது. அந்த வீட்டில் ஒரு மனைவியும் நாலு குழந்தைகளும் இருந்தாங்க.

வீடு இருந்த இடம் கோலோபெங். இன்றைய போட்ஸ்வானாவின் தலைநகரம் காபரோனேக்குப் பக்கத்தில். மனைவி பெயர் மேரி மொஃபட். அவங்களை "லிவிங்ஸ்டனின் மனைவி"ன்னு மட்டும் அறிமுகப்படுத்துறது நியாயமே இல்லை. 1821இல் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவங்க. அப்பா ராபர்ட் மொஃபட், குருமன் மிஷனை நடத்தியவர், பைபிளை செட்ஸ்வானா மொழிக்குக் கொண்டுவந்தவர். மேரி அந்த மொழியைக் கேட்டே வளர்ந்தவங்க. லிவிங்ஸ்டன் ஸ்காட்லாந்திலிருந்து 1841இல் வந்து இறங்கினப்போ, அந்த ஊர் வாழ்க்கை மேரிக்கு ஏற்கெனவே அத்துப்படி.

1845 ஜனவரியில் கல்யாணம். முதல் வீடு மபோட்சா. அங்கே சக மிஷனரியோட ஒத்துப்போகலை, அதனால் சோனுவானே. அங்கே தண்ணி இல்லை. லிவிங்ஸ்டன், பக்வேனா மக்களின் தலைவர் செசெலேகிட்ட பேசி, ஆற்றங்கரைக்குப் போய் வாய்க்கால் வெட்டிப் பயிர் செய்யலாம்னு சம்மதிக்க வைக்கிறார். ஒரு ஊரே கிளம்புது. 1847இல் கோலோபெங். கல்யாணமாகி மூணு வருஷத்துக்குள்ள மூணாவது வீடு. அதுலயும் முதல் ஒரு வருஷம் காத்து உள்ளே புகுந்து மெழுகுவர்த்தியை உருக்கித் தள்ளுற ஒரு குடிசையில். சரியான வீட்டுக்குள்ள குடிபுகுந்தது 1848 ஜூலையில்தான்.

அந்த வீட்டு வேலையைக் கொஞ்சம் நிதானமா பார்க்கலாம், ஏன்னா மிஷன் வரலாறுகளில் இது பெரும்பாலும் ரெண்டு வரியில முடிஞ்சுடும். கடை கிடையாது. கோதுமையை அரைக்கணும், ரொட்டி சுட கரையான் புற்றைக் குடைஞ்சு அடுப்பாக்கணும், இல்லைன்னா மூடி போட்ட சட்டியைத் தணலுக்குள் புதைக்கணும். வெண்ணெய் வீட்டிலேயே. மெழுகுவர்த்தி வீட்டிலேயே, கொழுப்பை உருக்கி அச்சில் ஊத்தி. சோப்பு செடிச் சாம்பலைக் கொதிக்க வெச்சு நாள்கணக்கில் கிண்டி எடுக்கிறது. பஞ்ச காலத்தில் வெட்டுக்கிளியும் சாப்பாடு, மழைக்குப் பிறகு வெளியே வர்ற பெரிய தவளையும் சாப்பாடு. அந்தத் தவளையைக் குழந்தைகள் ஆசையா தின்னாங்கன்னு லிவிங்ஸ்டனே எழுதியிருக்கார். இவ்வளவுக்கும் நடுவில் மேரி மதியத்துக்கு மேல சின்னப் பிள்ளைங்க பள்ளிக்கூடம் நடத்துறாங்க, சுமார் 100 பேர் வர்ற பள்ளிக்கூடம். தையல் வகுப்பும் உண்டு. திருமணமான மிஷனரிக்கு லண்டன் மிஷனரி சொசைட்டி கொடுத்த சம்பளம் வருஷத்துக்கு 100 பவுண்டு. அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தனியா சம்பளம் எதுவும் கிடையாது.

ஊரில் அவங்க பெயர் மா-ராபர்ட். மூத்த பையன் ராபர்ட்டோட அம்மா. நம்ம ஊர்ல "முருகன் அம்மா"ன்னு கூப்பிடுற மாதிரியே. இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்கங்க.

அப்புறம் மழை நின்னுபோச்சு. வருஷம் மாறி வருஷம் வறட்சி. ஆறு வத்தி, மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து, கழுதைப்புலிகளாலேயே தின்னு தீர்க்க முடியலையாம். செசெலே ஞானஸ்நானம் வாங்குறதுக்கு முன்னாடி பேர்பெற்ற மழை வரவழைப்பவர். அவர் அதை நிறுத்தினார், மழையும் நின்னது. ஊர் மக்கள் ரெண்டையும் சேர்த்துப் பார்த்ததில் என்ன ஆச்சரியம்? இன்னொரு பக்கம் டிரான்ஸ்வால் போயர்களின் நெருக்கடி. கோலோபெங்கில் இனி காலம் தள்ள முடியாதுன்னு லிவிங்ஸ்டன் முடிவு பண்றார். வடக்கே நல்ல காற்றும் தண்ணியும் உள்ள ஓர் இடம் கிடைச்சா மிஷனையே மாத்திடலாம்.

அந்த இடத்தைத் தேடப் போனப்போ குடும்பத்தையும் கூட்டிட்டுப் போனார். எனக்கு இடறுறது இங்கதான். 1850இல் மூணு குழந்தைகளோட, கர்ப்பிணியான மேரியோட, காளைகள் இழுக்குற கூண்டு வண்டியில் ங்காமி ஏரிக்கு. அங்கே குழந்தைகளுக்குக் காய்ச்சல். திரும்பி வந்து ஆகஸ்டில் எலிசபெத் பிறக்குறா. சில வாரத்தில் இறந்துபோறா. மேரிக்கு முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்துபோச்சு. குருமனில் அம்மா வீட்டுக்குப் போய்த்தான் உடம்பு தேறினாங்க.

1851இல் மறுபடியும். மேரி மறுபடியும் கர்ப்பம். இந்த முறை மாமியார் சும்மா இருக்கலை. ஒரு குழந்தை போனது போதாதா, நிறைமாசக்காரியைக் காட்டுக்குள் இழுத்துட்டுப் போறது உலகம் ஒப்புக்கொள்ளுமான்னு மருமகனுக்கு வெட்டவெளிச்சமா ஒரு கடிதம். லிவிங்ஸ்டன் அதைத் தன் குறிப்பேட்டில் பிரதி எடுத்து வெச்சிருக்கார். பயணத்தை நிறுத்தலை.

வழியில் உப்பளங்களுக்கு அப்பால் வழிகாட்டி திசை தவறினார், வண்டியில் இருந்த தண்ணியும் கொட்டிப்போச்சு. குழந்தைகள் தாகத்தில் துடிக்க, அஞ்சாவது நாள் மதியத்துக்கு மேலதான் தண்ணி வந்தது. அந்த நேரத்தில் மனைவி ஒரு சொல்கூடக் குறை சொல்லலை, கண்ணு மட்டும் கலங்கியிருந்ததுன்னு லிவிங்ஸ்டன் பின்னாடி எழுதினார். பாராட்டாகத்தான் எழுதினார். ஒரு சிஸ்டத்தில் ரெண்டு சர்வர் ஓடி, ஒண்ணோட லாக் மட்டும் நம்ம கையில் இருந்தா, மத்தது சும்மா இருந்ததுன்னு சொல்லிட முடியாது. மேரி கைப்பட எழுதியதில் நமக்கு மிஞ்சியிருக்கறது கொஞ்சம்தான்.

மகோலோலோ தலைவர் செபிட்வானேயைப் பார்த்தாங்க. சில நாளிலேயே அவர் இறந்துட்டார். ஆகஸ்டில் ஜாம்பெசி ஆற்றைக் கண்டார் லிவிங்ஸ்டன். ஆனா எங்கே பார்த்தாலும் சதுப்பு, காய்ச்சல், காளைகளைக் கொல்ற செட்ஸி ஈ. குடும்பம் குடியேற அங்கே ஓர் இடமும் இல்லை. திரும்பும் வழியில், செப்டம்பரில், ஜௌகா ஆற்றங்கரையில் வில்லியம் ஆஸ்வெல் பிறந்தான்.

அதே ஆற்றங்கரையிலிருந்து அக்டோபரில் லிவிங்ஸ்டன் சொசைட்டிக்கு எழுதுறார்: குடும்பத்தை பிரிட்டனுக்கு அனுப்பிடுறேன், செலவை நீங்க பாத்துக்கங்க, நான் தனியா கடற்கரைக்கு வழி தேடுறேன். கேட்டு எழுதின கடிதம் மாதிரி தெரியலை. முடிவைச் சொன்ன கடிதம். பதில் வர மாசக்கணக்காகும், அதுவரை காத்திருக்கலை. குருமனில் தாத்தா பாட்டி வீடு இருக்கே, அங்கே விட்டிருக்கலாமேன்னு யாருக்கும் தோணும். மேரிக்குத் தெரிஞ்ச மொழி, தெரிஞ்ச மண். என் கணிப்பில், அப்படிக் கடிதம் எழுதின மாமியார்கிட்ட போய் அதைக் கேட்க அவருக்கு முகம் இருந்திருக்காது. இது கணிப்பு மட்டும்தான்.

நவம்பர் கடைசியில் கோலோபெங் வந்தா, வீடு நிக்குது, ஊரைக் காணோம். செசெலேயின் மக்கள் டிமாவேக்கு நகர்ந்துட்டாங்க. அங்கிருந்து குருமன், அப்புறம் மாசக்கணக்கில் வண்டிப் பயணம், 1852 மார்ச்சில் கேப் டவுன். போட்டுக்க நல்ல துணிகூட இல்லை. நண்பர் ஆஸ்வெல் யானைத் தந்தம் வித்த காசில் எல்லாருக்கும் துணி வாங்கித் தந்தார்; உங்க காட்டுல வேட்டையாடினதுதானே, உங்களுக்கும் பங்கு உண்டுன்னு சமாதானம் வேற.

ஏப்ரல் 23 கப்பல் கிளம்பியது. ராபர்ட்டுக்கு 6 வயசு, ஆக்னஸுக்கு 4, தாமஸுக்கு 3, கைக்குழந்தைக்கு 7 மாசம். ரெண்டு வருஷம்னு பேச்சு. ஆனது நாலரை.

அந்த ஆகஸ்டில் போயர்கள் டிமாவேயைத் தாக்கினாங்க, கோலோபெங் வீடும் சூறையாடப்பட்டது. மருந்துப் புட்டிகள் உடைஞ்சு, புத்தகங்கள் கிழிஞ்சு கிடந்தன. குடும்பம் அங்கேயே இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? லிவிங்ஸ்டனின் முடிவுக்கு ஆதரவா சொல்ல இது வலுவான வாதம், அதை நான் மறைக்க விரும்பலை.

ஆனா பிரிட்டனில் மேரிக்கு வீடே இல்லை. ஹாமில்டனில் மாமனார் வீட்டோட ஒத்துப்போகலை. அதுக்கப்புறம் ஊர் ஊரா வாடகை அறை, சொசைட்டிக்குப் பணம் கேட்டுக் கடிதங்கள். 1856 டிசம்பரில் கணவர் கண்டத்தையே குறுக்கே கடந்து திரும்பினப்போ நாடே கொண்டாடியது. அவர் பேச்சில் உற்சாகமாகி, 1859இல் ஹெல்மோர், பிரைஸ் ரெண்டு மிஷனரிகளும் குடும்பத்தோட மகோலோலோ நாட்டுக்குக் குடிபெயர்ந்தாங்க. 1860 பிப்ரவரியில் லின்யாண்டி போய்ச் சேர்ந்தாங்க. ஹெல்மோர், அவர் மனைவி, கூட வந்த நாலு குழந்தைகளில் ரெண்டு, பிரைஸின் மனைவி, கைக்குழந்தை, எல்லாரும் சில மாசத்துக்குள்ள போயிட்டாங்க.

மேரி 1862இல் மறுபடியும் கணவரிடம் போய்ச் சேர்ந்தாங்க, ஜாம்பெசிக் கரைக்கு. ஏப்ரல் 27, ஷுபங்காவில் காய்ச்சலில் இறந்தாங்க. கல்லறை அங்கேயே, ஒரு பெருக்க மரத்தடியில். மூத்த மகன் ராபர்ட் அமெரிக்கா போய், உள்நாட்டுப் போரில் வேறொரு பெயரில் சேர்ந்து, 1864இல் கைதியாக இறந்தான்.

ஜாம்பெசியில் ஓட்ட 1858இல் லிவிங்ஸ்டன் ஒரு நீராவிப் படகு கொண்டுபோனார். அதுக்கு வெச்ச பெயர் மா-ராபர்ட். விறகை விழுங்கி மெதுவா ஊர்ந்த அந்தப் படகைப் பத்தி அவர் எழுதின புகார்களுக்குக் கணக்கே இல்லை.

அடுத்த எபிசோடில் செசெலே. லிவிங்ஸ்டன் போன பிறகு அவர் தன் மக்களுக்குத் தானே பிரசங்கம் பண்ண ஆரம்பிச்ச கதை.