வெள்ளம் மூழ்கடித்த விளைநிலப் பரப்பு மதிப்பீடு

ஆறு கரைமீறி வயலுக்குள் புகும்போது எத்தனை ஏக்கர் மூழ்கியது என்று கணக்கிடும் முறை. காவிரி டெல்டாவில் வருவாய்த் துறையினரும் வேளாண் துறையினரும் சேற்றில் இறங்கி, புல எண் வாரியாக, அடங்கல் எனப்படும் சாகுபடிப் பதிவேட்டோடு ஒப்பிட்டுக் கணக்கெடுக்கிறார்கள். 33 விழுக்காடும் அதற்கு மேலும் சேதமான பயிருக்கே நிவாரணம் என்பதால் மூழ்கிய பரப்பும் சேதப் பரப்பும் ஒன்றல்ல.

மூழ்கிய பரப்பைச் செயற்கைக்கோள் படத்திலிருந்தும் கணக்கிடலாம்; ஆனால் மேகம் மூடிய நாளில் சாதாரணப் படம் உதவாது. 2014 முதல் இயங்கும் ஐரோப்பாவின் சென்டினல்-1 வகைச் செயற்கைக்கோள்கள் ரேடார் அலையால் மேகத்தையும் இருளையும் கடந்து பார்க்கின்றன. அசையாத நீர் அந்த அலையை வேறு பக்கம் தெறிக்கவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். வெள்ளத்துக்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, குளம், ஆறு, வாய்க்காலைக் கழித்துவிட்டு, புதிதாகக் கறுத்த கட்டங்களை எண்ணுவார்கள். பக்கத்துக்கு 10 மீட்டர் உள்ள கட்டம் 100 சேர்ந்தால் ஒரு ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர்.

சிக்கலெல்லாம் நெல்லில்தான். நீருக்கு மேல் தலை நீட்டி நிற்கும் பயிரில் அலை நீரிலும் தண்டிலும் பட்டுத் திரும்பி, வயலை வெளுப்பாகக் காட்டும். உண்மையில் மூழ்கிய நிலம் கணக்கில் விடுபட்டுப்போகும். புதிதாக நட்ட வயலிலோ பாய்ச்சிய தண்ணீரே வெள்ளம்போலத் தெரியும். ஆகவே களக் கணக்கைக் கைவிட முடியாது. உங்கள் வயல் மூழ்கினால், அந்தக் கணக்குக்குச் சான்றாக, தண்ணீர் வடிவதற்கு முன்பே வரப்பில் நின்று தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.