முதல்வர் என்றொரு சொல்

முதல்வர் யார் என்று வகுப்பிற் கேட்டால், பிள்ளைகள் சிலர் தமிழ்நாட்டு முதலமைச்சரின் பெயரைச் சொல்கிறார்கள். தொலைக்காட்சி செய்த வேலை. நேயர்களே, நமது ஊரில் அச்சொல் மேயரையே குறிக்கும்.

1949 ஜனவரி முதலாந் திகதி யாழ்ப்பாணம் மாநகரசபையாயிற்று. சாம் சபாபதி முதலாவது முதல்வர். மக்கள் தெரிவுசெய்த அங்கத்தவர்கள் கூடி அவரை அமர்த்தினர். குப்பை, வடிகால், சந்தை, தெருவிளக்கு என்பன தாம் சபையின் அன்றாட வேலை. கடனீரேரிக்கு அண்மையில் எழுந்த பொது நூலகமும் அந்தச் சபை வளர்த்த பிள்ளையே. 1959 ஒக்ரோபரில் அதனைத் திறந்துவைத்த முதல்வர் அல்பிரட் துரையப்பா.

பின்னர் மீண்டும் முதல்வரான அவர், 1975 யூலை 27இல் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோவிலடியிற் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருடைய அரசியலை வெறுத்தவர் பலர். அதற்காக நூலகத்தைத் திறந்த கையை மறைத்துவிட்டு எழுதுவதை நான் வரலாறென்று கொள்ளேன்.

1998 ஜனவரி 29இல் வந்த தேர்தல்தான் என் மனத்தை அதிகம் வருத்துவது. 1983க்குப் பின், பதினைந்து ஆண்டுகள் கழித்து, படையினரின் காவல் நிறைந்த நகரில் நடந்தது. தமிழர் விடுதலைக் கூட்டணியின் சரோஜினி யோகேஸ்வரன் முதல்வரானார். யாழ்ப்பாணத்தின் முதற் பெண் முதல்வர். கணவர் வெற்றிவேலு யோகேஸ்வரனை 1989இல் கொழும்பிற் பறிகொடுத்தவர். மே 17இல் தமது வீட்டிலேயே சுடப்பட்டு இறந்தார். அடுத்து அந்த நாற்காலியில் அமர்ந்தவர் பொன். சிவபாலன். அதில் ஏற எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும்! செப்ரெம்பர் 11இல், நல்லூரில் மாநகரசபைக் கட்டடத்திற் கூட்டம் நடந்துகொண்டிருக்கையிற் குண்டு வெடித்தது. அவரும் மாண்டார். ஆண்டு முடியுமுன் இரு முதல்வர்கள். கொன்றவர்கள் வேற்றுமொழி பேசியவர்கள் அல்லர். இதை மேடையிற் சொல்ல நம்மவர் இன்றும் தயங்குகிறார்கள்.

2009இல் மறுபடி தேர்தல் வந்தது. வாக்களிக்கப் போனவர் சொற்பம். 2018இல் இம்மானுவல் ஆர்னோல்ட் முதல்வரானார். 2020 டிசம்பரில் அவர் கொண்டுவந்த வரவுசெலவுத் திட்டம் இருமுறை தோற்றது, பதவி போயிற்று. 45 அங்கத்தவர் கொண்ட சபையில், டிசம்பர் 30இல் மீண்டும் வாக்கெடுத்தார்கள். மணிவண்ணனுக்கு 21, ஆர்னோல்டுக்கு 20. ஒரேயொரு வாக்கு. தோற்றவர் எழுந்து வீட்டுக்குப் போனார்.