கட்டடம் எழும்பும் முன் கேட்க வேண்டியவை: தி.நகர் தரும் பாடம்



நம் குடியிருப்பை ஒட்டிய காலி மனையில் பல மாடி ஜவுளிக் கடை ஒன்று வரப்போவதாகச் சில மாதங்களாகப் பேச்சு அடிபடுகிறது. "வரட்டுமே, நம் வீட்டு மதிப்பு உயரும்" என்கிறார்கள் சிலர். "வந்தால் கேட்டைத் தாண்டி வண்டியை எடுக்க முடியாது" என்கிறார்கள் சிலர். "முதலில் கட்டட்டும், தொந்தரவு என்றால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்பது மூன்றாவது கட்சி. நம்மில் அதிகம் பேர் இந்தக் கட்சிதான். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை. கட்டி முடித்த பிறகு கேட்கப் போனால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னை தி.நகரில் பல ஆண்டு வரலாறு இருக்கிறது.

கல்யாண ஜவுளி எடுக்க நம்மில் பலரும் அங்கே போயிருப்போம். அதனால் அது எப்போதுமே கடைவீதிதான் என்று நினைக்கத் தோன்றும். உண்மை வேறு. 1920களில், நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், மாம்பலம் பக்கம் இருந்த பெரிய ஏரியைத் தூர்த்து, வீட்டு மனைகளாகப் பிரித்து உருவாக்கிய குடியிருப்புப் பகுதி அது. சர் பிட்டி தியாகராயர் பெயரை ஊருக்கு வைத்தார்கள். நடுவில் ஒரு பூங்கா அமைத்து, அதற்குப் பனகல் அரசர் பெயரை வைத்தார்கள். காமராஜர் கடைசி வரை வாழ்ந்த வீடு அங்கே திருமலைப் பிள்ளை சாலையில்தான் இருக்கிறது. தோட்டமும் திண்ணையும் வைத்த வீடுகளுக்காகப் போட்ட தெருக்கள் அவை.

மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கும் கூட்டத்தை நம்பி ரங்கநாதன் தெருவில் கடைகள் பெருகின. பாத்திரக் கடை, துணிக் கடை என்று சிறிதாக ஆரம்பித்தவை மாடி மேல் மாடியாக வளர்ந்தன. தெருவின் அகலம் மட்டும் வளரவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இல் வந்தது. சென்னையின் முதல் முழுமைத் திட்டம் 1976-இல் நடைமுறைக்கு வந்தது. எந்த இடம் குடியிருப்பு, எந்த இடம் வணிகம், எத்தனை மாடி, பக்கத்தில் எவ்வளவு காலியிடம் என்றெல்லாம் விதி உண்டு. ஆனால் அதே சட்டத்தின் 113-ஆவது பிரிவு, எந்தக் கட்டடத்துக்கும் விதிவிலக்கு அளிக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. 1987 ஜூலைக்கும் 1988 ஜனவரிக்கும் இடையே, சில மாதங்களிலேயே சென்னையில் கொடுக்கப்பட்ட 62 விலக்கு ஆணைகளை எதிர்த்து, கன்ஸ்யூமர் ஆக்‌ஷன் குரூப் என்ற சென்னை நுகர்வோர் அமைப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. தீர்ப்பு வந்தது 2000 ஆகஸ்டில். பன்னிரண்டு வருடத்தில் கட்டடத்தைக் கட்டி, வாடகைக்கு விட்டு, விற்றும் முடித்துவிடலாம்.

அதற்குள் அரசு 113-ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்திருந்தது. 1999 பிப்ரவரி 28-க்கு முன் கட்டி முடித்த விதிமீறல் கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறை செய்யலாம் என்றது அது. ஒரே ஒரு முறை என்பதால் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஆனால் அந்தக் கெடு நீண்டுகொண்டே போனது. 2006 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகள் செல்லாது என்றது. 2007-இல் அரசு அவசரச் சட்டம் போட்டு இடிப்பு நடவடிக்கைகளை நிறுத்திவைத்தது.

முப்பது வருடம் வங்கியில் இருந்தவன் என்ற முறையில் இதைச் சுலபமாகச் சொல்கிறேன். வாராக்கடனுக்கு 'ஒருமுறைத் தீர்வு' என்று ஒரு சலுகை உண்டு. அதை வருடாவருடம் அறிவித்தால், ஒழுங்காகத் தவணை கட்டுபவரும் கட்டமாட்டார். விதிப்படி பக்கத்தில் இடம் விட்டுக் கட்டியவர் ஏமாளியாகிறார்.

விளைவையும் பாருங்கள். 2008 செப்டம்பர் 1-ஆம் தேதி ரங்கநாதன் தெருவில் ஒரு பல மாடிக் கடையில் தீப்பிடித்து இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். 2011 அக்டோபர் கடைசியில், நீதிமன்றம் நெருக்கியதால், தி.நகரில் பல பெரிய கடைகளுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். 2012 பொங்கலுக்கு முன்பே, உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவோடு கடைகள் திறந்துவிட்டன. 2017 மே 31 அதிகாலையில் உஸ்மான் சாலையில் சென்னை சில்க்ஸ் கட்டடம் தீப்பிடித்தது. ஒரு நாளுக்கு மேல் எரிந்து, ஒரு பகுதி சரிந்தது. சுற்றிலும் இருந்தவர்கள் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பிறகு அரசே அதை இடித்தது. அனுமதித்ததற்கு மேல் மாடிகள் கட்டப்பட்டிருந்ததாக அரசுத் தரப்பே அப்போது சொன்னது. அடுத்த மாதமே, 2007 ஜூலை 1-க்கு முன் கட்டிய விதிமீறல் கட்டடங்களை வரன்முறை செய்யும் விதிகள் வெளியாயின.

பெரிய கடையே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும். சேலத்துக்குப் பஸ் ஏறாமல் இங்கேயே துணி எடுக்கலாம். ஆனால் எங்கே, எவ்வளவு பெரிதாக, எத்தனை வண்டிக்கு இடத்தோடு என்பதைக் கேட்கும் நேரம் அஸ்திவாரத்துக்கு முன்னால்தான். வங்கியிலும் கடன் கொடுக்கும் முன்புதான் பத்திரம் பார்ப்போம். கொடுத்த பிறகு செய்வதற்குப் பெயர் வசூல்.

முன்கூட்டியே கேட்டவர்களும் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் இங்கிள்வுட் நகரில், 60 ஏக்கரில் வால்மார்ட் வளாகம் அமைக்கும் யோசனை 2004 ஏப்ரலில் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. சுமார் 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஒரு செங்கல் வைக்கும் முன்பே விஷயம் முடிந்தது.

நமக்கு அந்த வாக்கெடுப்பு கிடையாது. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2006 அறிவிக்கை சொல்கிறது. ஆனால் கட்டடங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு. ஆகவே நம்மை யாரும் தேடி வந்து கேட்கமாட்டார்கள். நாம்தான் போய்க் கேட்க வேண்டும்.

முதலில், அந்த மனை குடியிருப்பு மண்டலமா, வணிக மண்டலமா என்று மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் தெரிந்துகொள்ள வேண்டும். மண்டலத்தை மாற்றக் கேட்டால் நாளிதழில் அறிவிப்பு போட்டு ஆட்சேபணை கேட்பார்கள். அந்தச் சின்ன எழுத்து விளம்பரங்களைப் படிக்க ஓரிருவர் பொறுப்பேற்க வேண்டும்.

இரண்டாவது, 2019-இல் மாநிலம் முழுமைக்கும் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி சாலை அகலம், பக்கக் காலியிடம், வாகன நிறுத்தம் ஆகியவை சரியா என்று பார்க்க வேண்டும். வரைபடம் தாக்கலாகியிருந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் நகல் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

மூன்றாவது, தீயணைப்பு வண்டி நம் தெருவுக்குள் நுழைந்து திரும்ப முடியுமா என்று எழுத்துமூலம் கேட்க வேண்டும். கடைக்காக மட்டுமல்ல, நம் 'பி' பிளாக்குக்காகவும்தான்.

இந்த மூன்றையும் ஒரே மனுவாக எழுதிச் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். கடை வேண்டும் என்பவர்களும் தயங்காமல் கையெழுத்துப் போடலாம். அதில் எதிர்ப்பு என்று ஒரு வார்த்தையும் இல்லை, கேள்விகள் மட்டுமே. மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். விரைவுத் தபாலில் அனுப்பி, பட்டுவாடாச் சான்றை ஃபைலில் சேர்த்துவிடலாம்.