கையடக்க ஏட்டிலிருந்து திறன்பேசிக்கு: ஓர் அமானிதத்தின் வரலாறு

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு திருக்குர்ஆன் பணிக்கிறது. அதன் மிக நீண்ட வசனமான அல்பகரா 282ஆம் வசனம் இது குறித்தே பேசுகிறது. ஆகவே கடைக் கணக்கேடும் முகவரிப் புத்தகமும் நம் இல்லங்களில் அமானிதங்களாகவே பேணப்பட்டு வந்தன. அந்த ஏடுகள் மின்னணுக் கருவிக்குள் குடிபுகுந்து, பின் ஒரு கருவியிலிருந்து மறு கருவிக்கு மாறிய வரலாறு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளே கொண்டது. எனினும் ஒவ்வொரு மாற்றத்திலும் எது உடன் வந்தது, எது விடுபட்டது என்று நோக்கின் நமக்குப் படிப்பினை உண்டு.

பிரிட்டனின் சையான் நிறுவனம் 1984இல் 'ஆர்கனைசர்' என்னும் கையடக்கக் கருவியை வெளியிட்டது. 1993இல் ஆப்பிள் நிறுவனத்தின் நியூட்டன் வந்தது. எழுதுவோரின் கையெழுத்தைத் தானே படித்தறிய முயன்ற அக்கருவி, அதிலேயே தடுமாறி நகைப்புக்கு உள்ளானது, விலையும் மிகுதி. இக்குறைகளைக் கண்ட ஜெஃப் ஹாக்கின்ஸ், சட்டைப் பைக்குள் அடங்கும் அளவில் ஒரு மரத்துண்டைச் செதுக்கி, அதையே கருவியாகப் பாவித்துச் சில காலம் உடன் கொண்டு திரிந்தார் என்பது இத்துறையில் புகழ்பெற்ற செய்தி. 1996இல் 299 டாலர் விலையில் வெளிவந்த 'பைலட் 1000' அம்மரத்துண்டின் வழியே பிறந்தது. அதன் நினைவகம் 128 கிலோபைட்டே. இரண்டு சிறு மின்கலங்களில் வாரக்கணக்கில் இயங்கியது. பாம் என்ற பெயரில் உலகெங்கும் அறியப்பட்ட கருவிகளுள் அதுவே முதலாவது.

அக்கருவியின் சிறப்பு அதன் தாங்கியில் இருந்த ஒற்றைப் பொத்தானில் அடங்கியிருந்தது. 'ஹாட்சிங்க்' எனப்பட்ட அதனை அழுத்தினால், மாறிய பதிவுகள் கணினிக்கும் கருவிக்கும் இடையே பரிமாறப்பட்டு இரண்டும் ஒன்றாகிவிடும். இந்த ஏற்பாடு இன்றியமையாததும் ஆகும். ஏனெனில் தொடக்ககாலப் பாம் கருவிகளில் மின்கலம் முற்றிலும் தீர்ந்தால் நினைவகமும் அழிந்துவிடும். பதிவுகளின் மறுபடி எப்போதும் உரியவரின் சொந்தக் கணினியில் இருந்ததால், கருவி போனாலும் கணக்குப் போகவில்லை.

2002இல் ஹேண்ட்ஸ்பிரிங் நிறுவனம் தொலைபேசியையும் இந்த ஏட்டையும் இணைத்து 'ட்ரியோ' கருவியை வெளியிட்டது. அதுவும் பாம் இயங்குதளத்திலேயே இயங்கியமையால் பழைய பதிவுகள் ஒரு பொத்தானில் உடன் வந்தன. 2007இல் ஐபோன் வந்தபின் நிலை மாறியது. 2009இல் பாம் நிறுவனமே வெளியிட்ட 'பிரீ' கருவி முற்றிலும் புதிய இயங்குதளத்தைக் கொண்டிருந்தது. அதில் ஹாட்சிங்க் இல்லை. பழைய தரவுகளைப் புதிய கருவிக்கு ஒருமுறை, ஒருவழியாக மாற்றித் தரும் மென்பொருள் மட்டுமே தரப்பட்டது. பத்தாண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்த பதிவுகளை வைத்திருந்தோர் அப்போதுதான் தம் தரவு எவ்வடிவில் உள்ளது என்று எண்ணிப் பார்க்க நேர்ந்தது.

முகவரிகளை 'வீகார்ட்' என்னும் பொது வடிவிலும், குறிப்புகளை வெற்று உரையாகவும் கணினியில் எடுத்து வைத்தோருக்கு எந்தப் புதிய கருவிக்கும் மாறுவது எளிதாயிற்று. தனியொரு மென்பொருளுக்குள் மட்டும் கணக்கெழுதி வந்தோர், அம்மென்பொருள் புதிய கருவிக்கு வராத போது திகைத்து நின்றனர். நம்மவர்க்கு மற்றோர் இடரும் இருந்தது. பாம் இயங்குதளம் தன்னளவில் தமிழ் எழுத்தை அறியாது. பெயர்களை ஆங்கில எழுத்திலேயே பதிய வேண்டும். முஹம்மது என்னும் பெயரையே ஆங்கிலத்தில் பலவாறு எழுதுகிறோம் அல்லவா? பதிவுகளை ஒன்று சேர்க்கும்போது ஒரே மனிதர் இருவராகவும் மூவராகவும் நிற்பதற்கு இதுவே போதுமானது.

பின்னர் நிகழ்ந்ததே நாம் மிகவும் கருத வேண்டியது. பிரீ கருவியின் தரவுகளுக்கு நிறுவனத்தின் இணைய வழங்கிகளில் தானாகவே நகல் எடுக்கப்பட்டது. 2010இல் ஹெச்பி நிறுவனம் பாமை வாங்கியது. 2011இல் அக்கருவிகளின் உற்பத்தியை நிறுத்தியது. 2015 ஜனவரியில் அந்த இணையச் சேவையும் மூடப்பட்டது. சொந்தக் கணினியில் இருந்த நகல் பிறர் வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. அவ்வீடும் ஒருநாள் பூட்டப்பட்டது.

இன்று நம் கைகளில் உள்ள திறன்பேசிகளும் இவ்வழியே வந்தவைதாம். அவற்றுள் தர வேண்டிய கடன், வர வேண்டிய தொகை, ஜகாத் கணக்கு, நம்மிடம் பிறர் ஒப்படைத்த பொருளின் விவரம், வஸிய்யத்துக் குறிப்பு என யாவும் உள்ளன. நாம் மவுத்தாகும் நாளில் இக்கடன்களை நிறைவேற்றுவது வாரிசுகளின் பொறுப்பு. கடவுச்சொல் தெரியாத கருவிக்குள் கணக்குக் கிடந்தால் அவர்கள் எவ்வாறு நிறைவேற்றுவர்? ஆகவே கருவி மாற்றும் ஒவ்வொரு முறையும் முகவரிகளையும் கணக்குகளையும் பொது வடிவில் எடுத்துச் சொந்தக் கணினியில் ஒரு நகல் வைப்போம். கடனையும் அமானிதத்தையும் சாட்சிகளின் ஒப்பத்துடன் காகிதத்திலும் எழுதி, அது இருக்கும் இடத்தை வீட்டார் ஒருவருக்கேனும் அறிவிப்போம். கருவிகள் வரும், போகும். எழுதியது உரியவர் கைக்குச் சேர வேண்டும். அதற்கு வல்ல இறைவன் துணைபுரிவானாக.