வாளியிலிருந்து தொட்டிக்கு: வீட்டு மலக்குழியின் வரலாறு



நினைவுப் பேருரைக்கு செப்டிக் டேங்க் ஒரு தலைப்பா என்று நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். இலக்கிய மேடை அல்லவா! ஆனால் 1993 முதல் அரசுக் கணக்கில் பதிவான மலக்குழி, சாக்கடை மரணங்களில் தமிழ்நாடு முதலிடத்தில் இருக்கிறது. செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். இங்கே குறிப்பாக அருந்ததியர். அவர்கள் இறங்கிய குழிகள் எல்லாம் நகராட்சியுடையவை அல்ல. வீட்டுத் தொட்டிகளும் கடை, விடுதித் தொட்டிகளும் அவற்றில் உண்டு. அதனால்தான் இந்தத் தலைப்பு.

பிரான்சில் 1860 வாக்கில் மூரா என்பவர் கட்டிய மூடிய தொட்டிதான் இதன் முன்னோடி. 1881இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1895இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் டொனால்ட் கேமரன் கட்டிய தொட்டியோடு 'செப்டிக் டேங்க்' என்ற பெயர் நிலைத்தது. செப்டிக் என்றால் அழுகல். அதிலிருந்து வந்த வாயுவைப் பிடித்து விளக்கெரித்தார்கள். 1897இல் பம்பாய் மாதுங்காவின் தொழுநோயாளர் இல்லத்திலும் கழிவிலிருந்து வாயு எடுத்தார்கள். ஆக, மூடிய தொட்டிக்குள் வாயு சேரும் என்பது இந்த நாட்டில் 120 ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த சேதி. 'விஷவாயு தாக்கி பலி' என்று ஏதோ இடி விழுந்ததைப் போல நாளிதழ்கள் எழுதுவதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

சட்டத்தின் கதை வேறு. 1949இல் பம்பாய் அரசு அமைத்த பார்வே குழுவும், 1957இல் நடுவண் அரசு அமைத்த மல்கானி குழுவும் தலைச்சுமையை ஒழித்துத் தள்ளுவண்டி கொடுக்கச் சொன்னவை. பாத்திரம் மாறியது, ஆள் மாறவில்லை. 1993ஆம் ஆண்டுச் சட்டம் எடுப்புக் கக்கூஸைத் தடைசெய்து, தண்ணீர் ஊற்றும் கழிப்பறை கட்டச் சொன்னது. பாதாளச் சாக்கடை வராத ஊரில் அந்தக் கழிப்பறைக்கு அடியில் என்ன இருக்கும்? அதைப் பற்றிச் சட்டம் பேசவில்லை. 2011 கணக்கெடுப்பின்போது இந்திய நகரக் குடும்பங்களில் ஏறத்தாழ 38 விழுக்காடு செப்டிக் டேங்கை நம்பியிருந்தன. தினமும் கொல்லைப்புறம் வந்துபோன வேலை, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும் வேலையானது. 2013ஆம் ஆண்டுச் சட்டம்தான் செப்டிக் டேங்கின் பெயரைச் சொல்லித் தடைபோட்டது. அதிலும் பாதுகாப்புக் கருவி கொடுத்தால் 'அபாயகரமான சுத்திகரிப்பு' ஆகாது என்று ஒரு சந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அச்சட்டத்தின் 7ஆம் பிரிவு ஒப்பந்ததாரரை மட்டும் சொல்லவில்லை, எந்த நபரும் ஆளை இறக்கக் கூடாது என்கிறது. வீட்டுக்காரரும் அதில் அடக்கம். முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதை மேடைதோறும் பேசிவந்த நான் என் வீட்டுத் தொட்டியை ஆறு ஆண்டுகள் திறந்து பார்க்கவில்லை. கட்டும்போது கொத்தனார், "மூடி எதுக்கு சார், மேல டைல்ஸ் போட்டுடலாம், பத்து வருஷத்துக்குக் கவலையில்ல" என்றார். சரியென்றேன். ஒரு மழைக்காலத்தில் கழிப்பறையில் தண்ணீர் எதிர்த்தது. டைல்ஸை உடைத்தோம். லாரிக் குழாய் மேல்தண்ணீரை மட்டும் இழுத்தது, அடியில் சகதி இறுகிக் கிடந்தது. பிளம்பர் யாருக்கோ போன் போட்டார். கயிறும் வாளியுமாக வந்த பெரியவர் சட்டையைக் கழற்றியபடி, "இடுப்பளவுதான் சார், அரை மணி நேரம்" என்றார். "வேண்டாங்கண்ணே" என்றேன். அன்றைய கூலியைக் கொடுத்தேன். வாங்கத் தயங்கினார். மறுநாள் வேறு லாரி வந்து, தண்ணீரைப் பீய்ச்சிச் சகதியைக் கரைத்து உறிஞ்சிப் போனது. முந்தின நாளே அதைச் செய்திருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

தொட்டியில் கனமானது அடியில் சகதியாகப் படியும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே ஆடையாக மிதக்கும், நடுவில் இருக்கும் நீர்தான் உறிஞ்சுகுழிக்குப் போக வேண்டும். சகதி முழுவதும் ஒருநாளும் மட்கிவிடாது. காலத்தில் எடுக்காவிட்டால் அது வழிந்து உறிஞ்சுகுழியின் மண் கண்களை அடைக்கும். தொட்டியிலும் இறுகும். 'ஒரு ஆள் இறங்கினா முடிஞ்சிடும்' என்ற பேச்சு அப்போதுதான் வரும். ஆகவே இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லாரியால் எடுப்பது வீட்டுப் பராமரிப்பு மட்டுமல்ல, அந்தப் பேச்சே எழாமல் செய்வது. திறக்கவே வேண்டாத அளவுக்குப் பெரிய தொட்டி கட்டுவதை நம் ஊரில் பெருமையாகச் சொல்கிறார்கள். அது பொறியியல் இல்லை, தீட்டு.

இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2470 சொல்வது எளிது. 2000 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டிக்கு இரண்டு அறை, முதல் அறை மற்றதைப் போல இரு மடங்கு நீளம். குடிநீர்க் கிணற்றுக்கும் கழிவுநீர் மண்ணில் இறங்கும் இடத்துக்கும் 18 மீட்டராவது இடைவெளி. ஆடை வெளியேறாமல் தடுக்க, போக்குவாயில் 'டி' குழாய். வாயு போகக் கூரைக்கு மேல் உயர்ந்த குழாய். ஒவ்வொரு அறைக்கும் வெளியிலிருந்தே திறக்கும் மூடி வையுங்கள். தளம் போடாமல் உறை மட்டும் இறக்கி 'நிரம்பவே நிரம்பாது' என்பார்கள்; நிரம்பாதது பக்கத்துக் கிணற்றுக்குப் போய்க்கொண்டிருக்கும். நாப்கினும் துணியும் முடியும் குழாயை அடைக்கும். ஆசிட்டை வாளி வாளியாக ஊற்றினால் மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் சாகும். எந்தப் பொடியும் சகதி எடுப்பதற்கு மாற்றில்லை.

புதுத் தொட்டியும் ஆபத்துதான். மாதக்கணக்கில் மூடிக்கிடந்து, மழைநீரில் சென்ட்ரிங் பலகை ஊறிய தொட்டியில் ஆக்சிஜன் குறைந்திருக்கும். பலகை பிரிக்க இறங்கி இறந்தவர்கள் இருக்கிறார்கள். முதலில் விழுந்தவரைத் தூக்கப் போனவரும் சாவது இதனால்தான்: ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது.

சமூகவியல் படிக்கும் மாணவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். களஆய்வுக்குத் தொலைவில் போக வேண்டாம். உங்கள் விடுதியின் தொட்டி எங்கே இருக்கிறது, கடைசியாக எந்தத் தேதியில் எடுத்தார்கள், லாரி வந்ததா ஆள் வந்தாரா, வந்தவர் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று நாளைக் காலை விடுதி அலுவலகத்தில் கேளுங்கள். பதிலை எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.