பத்து நானோ நொடி: கணினி நினைவக வேகத்தின் இருபதாண்டு வரலாறு

2003-ஆம் ஆண்டளவில் மேசைக் கணினிகளில் பரவிய டிடிஆர்-400 ரேமில், ஓவர்கிளாக்கிங் ஆர்வலர்கள் தேடி வாங்கியவை ‘சிஎல் 2’ என்ற குறிப்புடையவை. இன்று அந்த இடத்தில் டிடிஆர்5-6000, சிஎல் 30 நிற்கிறது. ஒரு ரேம் பட்டையின் உச்சத் தரவு வீதம் நொடிக்கு 3.2 கிகாபைட்டிலிருந்து 48 கிகாபைட்டாக, அதாவது பதினைந்து மடங்காக உயர்ந்துள்ளது. காத்திருப்பு நேரமோ அப்படியே இருக்கிறது.

கணக்கு எளிது. படிக்கும் கட்டளைக்கும் முதல் தரவு வெளிவருவதற்கும் இடையே கழியும் கடிகாரத் துடிப்புகளின் எண்ணிக்கையே சிஎல். டிடிஆர் வகை ரேம் ஒரு துடிப்புக்கு இருமுறை தரவை அனுப்பும். எனவே 400 என்பது உண்மையில் 200 மெகாஹெர்ட்ஸ். ஒரு துடிப்பு 5 நானோ நொடி. இரண்டு துடிப்பு 10 நானோ நொடி. 6000-க்கு 3000 மெகாஹெர்ட்ஸ். முப்பது துடிப்பும் அதே 10 நானோ நொடி. இடையில் வந்த டிடிஆர்3-1600 சிஎல் 8, டிடிஆர்4-3200 சிஎல் 16 ஆகியவற்றுக்கும் விடை மாறுவதில்லை.

இதற்கான காரணம் நினைவகத்தின் அடிப்படை அமைப்பில் உள்ளது. ராபர்ட் டென்னார்ட் 1968-இல் காப்புரிமை பெற்ற வடிவத்தில், ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் ஒரு பிட்டைத் தாங்குகின்றன. அந்த மின்தேக்கியின் சிறு மின்னூட்டத்தை உணர்ந்து பெருக்குவதற்கு ஆகும் நேரம் எளிதில் குறையவில்லை. ஆகவே வடிவமைப்பாளர்கள் ஒரே தடவையில் அதிகத் தரவை எடுக்கும் வழியை நாடினர்: முதல் தலைமுறை டிடிஆரில் 2, டிடிஆர்3-இல் 8, டிடிஆர்5-இல் 16 என அந்த எண்ணிக்கை வளர்ந்தது.

செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையே விரியும் இவ்விடைவெளியை வுல்ஃப், மெக்கீ இருவரும் 1995-இல் ‘நினைவகச் சுவர்’ என்று அழைத்தனர். அதற்கு முன்பே, 1991-இல், டெலாவேர் பல்கலைக்கழகத்தில் கடலியல் ஆய்வில் ஈடுபட்டிருந்த ஜான் மெக்கால்பின் ‘ஸ்ட்ரீம்’ என்ற பெஞ்ச்மார்க்கை உருவாக்கியிருந்தார். நீண்ட எண்வரிசைகளைத் தொடர்ச்சியாகப் படித்து எழுதும் அச்சோதனை தரவு வீதத்தை அளக்கிறது. நினைவகத்தில் அங்குமிங்கும் தாவித் தேடும் நிரல் படும் தாமதத்தை அது அளப்பதில்லை. அளப்பதாக உரிமை கொண்டாடியதும் இல்லை.

ஆர்வலர் உலகில் நிலைபெற்ற சோதனை வேறு. டோக்கியோப் பல்கலைக்கழகத்தின் கனடா குழுவினர் பை மதிப்பைக் கணிக்க எழுதிய நிரலிலிருந்து 1995-இல் பிறந்த ‘சூப்பர் பை’, போட்டியாளர்களின் உரைகல்லாயிற்று. சுமார் 3.35 கோடி இலக்கங்கள் வரை கணிக்கும் அதன் சோதனையில் ரேமின் நுண்ணிய நேர அமைப்புகளும் முடிவைப் பாதிக்கும். 2007-இல் இன்டெல் அறிமுகப்படுத்திய எக்ஸ்எம்பி, கைவினையாக இருந்த ஓவர்கிளாக்கிங்கை ஒரே தேர்வில் அடங்கும் அமைப்பாக்கியது. தரநிலையைக் கடந்த வேகமே இத்தகைய ரேமின் மேலட்டையில் அச்சாகும் எண்.

ஆய்வுக்கூடங்களுக்கு இவ்வரலாறு வெறும் சுவைச் செய்தியன்று. பெரும் அணிகளைப் பெருக்கும் பணிக்கு அந்த எண் பயன் தரக்கூடும்; சுட்டிகளைப் பின்தொடரும் தரவுத்தளப் பணிக்கு அதே செலவில் கிடைப்பது சொற்பமே. அதற்கும் மேலாக, முழுமையான பிழைதிருத்த வசதியற்ற மேசைக் கணினியில் ரேமை எல்லை மீறி ஓட்டினால், புரண்ட ஒரு பிட் எச்சரிக்கையின்றி ஆய்வு முடிவுக்குள் நுழைந்துவிடலாம். எனவே வேகத்தைக் குறிப்பிடும் ஆய்வுரை, எந்தச் சோதனை, எந்த நேர அமைப்பு என்பவற்றையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.