யூஎஸ்பி ஹப்

கணினியின் ஒரு யூஎஸ்பி போர்ட்டிலிருந்து பல போர்ட்டுகளைக் கிளைபிரித்துத் தரும் சாதனம் யூஎஸ்பி ஹப். பார்வைக்கு மின்சார எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் தம்பி போல இருக்கும். ஆனால் உள்ளே கம்பிகளைச் சும்மா முறுக்கிச் சேர்த்துவிடுவதில்லை. ஒரு கட்டுப்பாட்டுச் சில்லு இருக்கிறது. கணினியின் கணக்கில் ஹப்பும் ஒரு புறக்கருவிதான். தனக்கென ஒரு முகவரி பெற்ற பிறகே மற்றவற்றை உள்ளே விடும்.

முன்னோடிகள்

1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியும் அதன் வழிவந்தவையும் ஒரு போர்ட்டுக்கு ஒரு கருவி என்ற வழக்கத்தில் இயங்கின. சீரியல் போர்ட்டில் மோடமோ மவுஸோ, பேரலல் போர்ட்டில் பிரிண்டர். ஒரு பிரிண்டரை இரு கணினிகள் பகிர வேண்டுமானால், நடுவில் ஏ, பி என்று திருகும் குமிழ் வைத்த ஒரு தகரப் பெட்டி இருக்கும். அச்சடிக்க வேண்டியவர் எழுந்து வந்து திருக வேண்டும். கூடுதல் போர்ட் தேவைப்பட்டால் கணினியைத் திறந்து கார்டு செருகலாம். அதிலும் ஒரு கோளாறு உண்டு. காம்1 முதல் காம்4 வரை நான்கு சீரியல் போர்ட்டுகளுக்குப் பெயர் இருந்ததே தவிர, பிராசஸரைக் கூப்பிட வழக்கமாக ஒதுக்கப்பட்ட ஐஆர்க்யூ எண்கள் இரண்டுதான்: காம்1, காம்3 இரண்டுக்கும் 4; காம்2, காம்4 இரண்டுக்கும் 3. மவுஸை முதலாவதிலும் மோடத்தை மூன்றாவதிலும் மாட்டியவருக்கு, மோடம் டயல் செய்யத் தொடங்கியதும் திரையில் அம்பு உறைந்து நிற்கும். துளைகளைக் கூட்டலாம், கருவிகளைத் தனித்தனியே கூப்பிட எண் வேண்டுமே.

அளவைக் கருவிகளின் உலகில் இதற்கு முன்பே விடை கிடைத்திருந்தது. ஹியூலட்-பேக்கர்டு 1960களின் இறுதியில் உருவாக்கிய எச்பி-ஐபி, 1975இல் ஐஇஇஇ 488 என்ற தரமாயிற்று. அதில் 15 கருவிகள் வரை ஒரே தடத்தில் நிற்கும். ஒரு பிளக்கின் முதுகில் இன்னொரு பிளக்கை அடுக்கிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு கருவியின் எண்ணையும் பின்புறமுள்ள குட்டிச் சுவிட்சுகளால் கையாலேயே வைக்க வேண்டும்.

1986இல் தரப்படுத்தப்பட்ட ஸ்கஸியும் இதே குணம் கொண்டது. 0 முதல் 7 வரை எட்டு எண்கள். கணினிக்கு ஒன்று போக மிச்சம் ஏழு. ஹார்டு டிஸ்க், ஸ்கேனர், சிடி டிரைவ் எல்லாம் சங்கிலியாக ஒன்றன்பின் ஒன்று கோக்கப்படும். சங்கிலியின் இரு முனைகளிலும் டெர்மினேட்டர் என்ற மின்தடைத் தொகுதி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சமிக்ஞை முனையில் மோதித் திரும்பிவந்து தரவைக் குழப்பும். இரண்டு கருவிகளுக்கு ஒரே எண் விழுந்துவிட்டாலும் தகராறுதான். ஸ்கஸி தெரிந்தவர் என்றால், அக்காலத்தில் பொறுமைசாலி என்று பொருள்.

அதே 1986இல் ஆப்பிள் டூஜிஎஸ் கணினியுடன் வந்த ஆப்பிள் டெஸ்க்டாப் பஸ், ஸ்டீவ் வாஸ்னியாக்கின் கைவண்ணம். விசைப்பலகைக்கு 2, மவுஸுக்கு 3 என்று பிறவி எண். ஒரே எண்ணில் இரண்டு கருவிகள் வந்தால் கணினியே ஒன்றை வேறு எண்ணுக்கு நகர்த்திவிடும். மவுஸை விசைப்பலகையிலேயே செருகலாம். யூஎஸ்பி ஹப்பின் வித்து இங்கேதான் இருக்கிறது.

யூஎஸ்பி

காம்பாக், டெக், ஐபிஎம், இன்டெல், மைக்ரோசாஃப்ட், என்இசி, நார்டெல் ஆகிய ஏழு நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த யூஎஸ்பி 1.0 தரம் 1996 ஜனவரியில் வெளியானது. இதன் தந்தை, இன்டெலில் பணியாற்றிய, பரோடாவில் படித்த அஜய் பட். 1998இல் வந்த ஐமேக், ஆப்பிளின் பழைய போர்ட்டுகளைக் கழற்றிவிட்டு இரண்டே யூஎஸ்பி போர்ட்டுகளோடு நின்றது. அதன் விசைப்பலகையே ஒரு ஹப். மவுஸ் அதில்தான் செருகப்பட்டது. இதற்குப் போட்டியாக இருந்த, 63 கருவிகள் தாங்கும் ஃபயர்வயர் இணைப்பு வேகத்தில் முந்தினாலும் விலையில் தோற்றது.

இயங்கும் விதம்

புதிய கருவி செருகப்பட்டதும் அதனுள் இருக்கும் 1.5 கிலோ ஓம் மின்தடை, இரு தரவுக் கம்பிகளில் ஒன்றின் மின்னழுத்தத்தை உயர்த்துகிறது. ஹப் அதைக் கவனித்துக் கணினிக்குச் சொல்கிறது. புதிதாக வருகிற எல்லாக் கருவிகளும் முதலில் 0 என்ற முகவரியில்தான் பதில் தரும். ஒரே சமயத்தில் இரண்டு கருவிகளைச் செருகினால்? ஒரு நேரத்தில் ஒரு போர்ட்டை மட்டுமே திறந்துவிடும்படி கணினி ஹப்பைப் பணிக்கும்; அந்தக் கருவிக்கு 1 முதல் 127க்குள் ஓர் எண் கொடுத்த பிறகே அடுத்தது திறக்கும். முன்பு குட்டிச் சுவிட்சுகளைக் கையால் வைத்துச் செய்த வேலை இவ்வளவுதான். முகவரிக்கு ஏழு பிட்டுகள் என்பதால் உச்சம் 127; அதில் ஹப்புகளும் அடக்கம்.

ஹப்பின் பின்னால் ஹப் என்று ஐந்து வரை தொடரலாம். ஐந்து மீட்டர் கேபிள்கள் ஆறு என்று கணக்கிட்டால் 30 மீட்டர். அதற்கு மேல் போனால் பதில் வந்துசேரத் தாமதமாகி, கருவி இல்லை என்றே கணினி முடிவுகட்டும்.

நடைமுறையில் இடறுவது மின்சாரம். யூஎஸ்பி 2.0இல் ஒரு போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர். தனி அடாப்டர் இல்லாத ஹப் அதில் 100ஐத் தனக்கு வைத்துக்கொண்டு, மிச்சத்தை நூறு நூறாக நான்கு போர்ட்டுகளுக்குப் பங்கிடும். கடைகளில் நான்கு போர்ட் ஹப் மிகுந்திருப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். பென் டிரைவ், மவுஸ் சமாளித்துக்கொள்ளும். கையடக்க ஹார்டு டிஸ்க்கை மாட்டினால் 'டிக் டிக்' என்று சுழலத் திணறி நின்றுவிடும். அதற்கு அடாப்டர் உள்ள ஹப்தான் சரி.

2008இல் வந்த யூஎஸ்பி 3.0 தரத்தில் அமைந்த ஹப்பின் ஒரே கூட்டுக்குள் பழைய வேகத்துக்கு ஒன்று, புதிய வேகத்துக்கு ஒன்று என இரண்டு ஹப்புகள் உள்ளன. வயர்லெஸ் மவுஸின் ரிசீவரை அதன் பக்கத்தில் செருகினால் அம்பு தடுமாறக்கூடும், 3.0இன் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது.

தற்போது டைப்-சி ஹப்புகளும், மானிட்டர், ஈதர்நெட், சார்ஜர் எல்லாவற்றையும் ஒரே கம்பியில் சேர்க்கும் தண்டர்போல்ட், யூஎஸ்பி4 டாக்குகளும் புழக்கத்தில் உள்ளன.